பழைய மாருதி ஈக்கோ வேனா புது ஈக்கோவா: ஒன்றர வருசம் ஓட்டிப் பாத்த கத

எங்க வீட்டுல அஞ்சு பேரு. நான், வீட்டுக்காரி, ரெண்டு பிள்ளைய, அம்மா. இருக்கது பாளையங்கோட்டைல. வருசத்துக்கு பத்து பன்னெண்டு தடவையாவது எங்கயாச்சும் கெளம்பிருவோம், ஆனி ஆடில குத்தாலம், ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில், சஷ்டிக்கு திருச்செந்தூர், நடுவுல மணிமுத்தாறு, திருக்குறுங்குடின்னு. இதுக்கெல்லாம் வாடக வேன் புடிச்சு, பேட்டா குடுத்து, டிரைவர் ஆரன் அடிக்கதுக்குள்ள குளிச்சு முடிச்சு ஓடி வந்து ஏறி, சீச்சீன்னு ஆயிட்டு. சீசன்ல குத்தாலத்துல ரூம் வாடக கேட்டீயன்னா திரும்பி வீட்டுக்கே வந்து படுத்துக்கிடலாம்னு தோணும். அப்பதான் இவ சொன்னா, "பேசாம ஒரு வேன வாங்கிப் போட்டா அதுக்குள்ளயே படுத்துக்கிடலாம்லா".

எங்க அத்தான் ஒருத்தர் அமெரிக்கால இருக்காரு. அங்க காருக்குப் பின்னால வீடு மாதிரி ஒண்ண கட்டி இழுத்துட்டுப் போறாவ, உள்ள கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு, டிராவல் டிரெய்லர்னு பேரு. நம்ம ஊருல டிரெய்லர்னா டிராக்டருக்குப் பின்னால செங்கல் ஏத்திட்டு வரும்லா அதான். எங்க தெருவுல டாட்டா ஏஸ் திருப்புறதே பெரிய வித்த, இதுல இழுவ வண்டிக்கு எங்கன போவ. ஆனா அவரு புதுசா பழசான்னு ஆறு மாசம் மண்டைய ஒடச்சிட்டு கடைசில பழசுதான் வாங்குனாராம். எப்படித்தான் பாத்து வாங்குனீயன்னு வாட்ஸப்ல கேட்டேன், எம்புட்டு ஓடிருக்குன்னு பாக்கவே இல்ல மாப்ள, தரைய மிதிச்சு மிதிச்சுப் பாத்தேன்னாரு. கூரை சந்துல தண்ணி எறங்குனா உள்ள பலகை ஊறிப்போயி தரை மெத்து மெத்துன்னு அமுங்குமாம், அப்படி அமுங்குச்சுன்னா சும்மா குடுத்தாலும் வாங்காதன்னாரு. டயருலயும் பட்டன் நல்லா இருக்கேன்னு நம்பக்கூடாதாம், நின்னே வயசாயிருக்குமாம். இந்தப் பேச்சு எனக்குப் பொறவு ரொம்ப ஒதவுச்சு.

சரி, நமக்கு ஈக்கோதான்னு முடிவு பண்ணியாச்சு. மாருதியோட ஆம்னி வேன் 2019-லயே நின்னு போச்சு, இப்ப பழசுதான் கெடைக்கும், முன்னாடி மூக்கும் கிடையாது, பிள்ளையள வச்சுக்கிட்டு எனக்கு மனசு வரல. ஈக்கோ 2010-ல வந்தது, 1.2 லிட்டர் எஞ்சின், ரெண்டு பக்கமும் தள்ளு கதவு, உள்ள குனிஞ்சு கிடந்து மல்லுக்கட்ட வேண்டாம். அஞ்சு சீட்டு, ஏசி உள்ளது. புதுசா பழசாங்கதுதான் பாக்கி.

மொதல்ல ஷோரூம். 2024 ஆனி மாசம் போனேன். காபி குடுத்தாவ, உக்கார வச்சாவ, நல்லாத்தான் பேசுனாவ. ஷோரூம் வெலைய கேட்டா ஐந்தர லட்சத்த சுத்தி இருக்கு, அட பரவால்லையேன்னு நினைக்கும்போதே மத்ததெல்லாம் வரிசையா வருது. நம்ம தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல லைஃப் டாக்ஸ ஏத்திட்டாவ, அஞ்சுல இருந்து பத்து லட்சம் வரைக்கும் உள்ள வண்டிக்கு 13 சதவீதம், முன்ன பத்து சதவீதம்தான். அப்பறம் இன்சூரன்ஸ், ரிஜிஸ்ட்ரேசன், மேட்டு, கவருன்னு போயி ஆறே முக்கால்ல வந்து நிக்கி. லோன் போட்டா மாசம் பதினோராயிரம் கிட்ட.

வீட்டுக்கு வந்து காலண்டர எடுத்து வச்சு உக்காந்தேன். பன்னெண்டு தடவ போவோம், ஒரு தடவைக்கு ரெண்டு நாளுன்னு வச்சாலும் 24 நாளு. பாக்கி 341 நாளும் வண்டி வேப்ப மரத்தடில காக்கா எச்சத்தோட நிக்கப் போவுது. எனக்கு வேலைக்குப் போவ பைக்கு இருக்கு. தெனம் ஓடுத வண்டின்னா புதுசுக்குக் குடுக்க காசு ஓட்டத்துல கழிஞ்சிரும், நிக்கப்போற வண்டிக்கு ஆறே முக்கால குடுத்தா மரத்துக்கு வாடக குடுக்க மாதிரிதான். தெரிஞ்சவன் ஒருத்தன் சொன்னான், நம்பர் பிளேட்டு மாட்டி தெருவுக்கு வந்த அன்னைக்கே ஒரு லட்சம் போயிரும்லேன்னு. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான் அவன், ஆனா போவத்தான் செய்யும்.

அதனால பழசு தேட ஆரம்பிச்சேன். கூட ஒரு மெக்கானிக் அண்ணாச்சிய கூட்டிக்கிட்டேன், ஒரு வண்டி பாக்க 500 ரூவா, அந்த 500 தான் இந்தக் கதைலயே நல்லா செலவான காசு.

மொத வண்டி, பழைய வண்டி வாங்கி விக்குற ஒரு கன்சல்டிங்ல. பளபளன்னு இருக்கு, மீட்டர்ல 38 ஆயிரம். நான் சாவிய கேக்கப் போயிட்டேன். அண்ணாச்சி ஒண்ணும் பேசல, உள்ள ஏறி டிரைவர் சீட்டு பெல்ட்ட கடைசி வரைக்கும் உருவுனாரு. சாதாரணமா நாம பாதிதான இழுப்போம், அந்த உள்ளுக்குள்ள சுருண்டு கெடக்க பாதில வரி வரியா மண்ணுக் கறை. "இது குளிச்ச வண்டி, எறங்குங்க"ன்னாரு. எனக்குப் புரியல. பொறவுதான் சொன்னாரு, 2023 டிசம்பர் 17, 18-ல மழை கொட்டுச்சுல்லா, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் பேஞ்சுதே, தாமிரபரணி வண்ணாரப்பேட்ட, ஜங்சன் பக்கமெல்லாம் ஏறி வந்துச்சே, அப்ப முங்குன வண்டியளுல கொஞ்சம் இப்பவும் கழுவித் தொடச்சு பாலிஷ் போட்டு விப்பனைக்கு நிக்குன்னு. மேல எம்புட்டுத் தேச்சாலும் சீட்டுக்கு அடில உள்ள தண்டவாளத்துல துரு, மேட்டுக்குக் கீழ வண்டல், ஒயர் சாக்கெட்டுல பச்சையா பூத்துருக்க களிம்பு, இத மறைக்க முடியாதாம். வெயில்ல கண்ணாடிய ஏத்திவிட்டு பத்து நிமிசம் நிறுத்தி உள்ள ஏறுனா ஊறப்போட்ட துணி வாட வருமாம். கன்சல்டிங்காரன்ட்ட கேட்டா தண்ணியே பாக்காத வண்டி சார்ங்கான். அந்த மீட்டரும் பொய்தான், 38 ஆயிரத்துக்கு பிரேக் பெடல் ரப்பர் அப்படி மொழுமொழுன்னு தேயாது.

ரெண்டாவது வண்டி கடற்கர பக்கத்துல ஒரு ஊரு. ஆளு நல்ல மனுசன், மறைக்கவே இல்ல, மீன் பெட்டி ஏத்துன வண்டிதான்னு மொதல்லயே சொல்லிட்டாரு. எஞ்சின் கில்லி மாதிரி இருந்துச்சு, அண்ணாச்சிக்கே ஆச. ஆனா குனிஞ்சு டார்ச் அடிச்சுப் பாத்தா அடிச்சட்டம் அப்பளமா இருக்கு, ஸ்க்ரூ டிரைவரால தட்டுனா பொருபொருன்னு உதிருது. ஐஸ் உருகுன உப்புத்தண்ணி உள்ள இருந்து, உப்புக்காத்து வெளிய இருந்து. எஞ்சின மாத்தலாம், சட்டத்த மாத்த முடியுமா? அத்தான் தரைய மிதிச்ச கத அங்கன வச்சுதான் எனக்கு வெளங்குச்சு. நின்னு நின்னு ஓடுத வண்டிய கொல்லுறது கிலோமீட்டர் இல்ல, தண்ணி.

மூணாவது, அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு வண்டி. 2017 மாடல், 61 ஆயிரம் ஓடிருக்கு, பெல்ட்டு சுத்தம், அடிச்சட்டம் சுத்தம், மெயின் ரோட்டுல இருந்து உள்ள செட்டுக்குள்ள நின்ன வண்டி. மூணே முக்கால் சொன்னாரு, டயர காட்டி கொறச்சோம். டயர் ஓரத்துல நாலு நம்பர் ஒரு வட்டத்துக்குள்ள இருக்கும் பாருங்க, மொத ரெண்டு நம்பர் எத்தனாவது வாரம்னு, பின் ரெண்டு நம்பர் எந்த வருசம்னு. இதுல 2217-ன்னு இருந்துச்சு, அதாவது 2017-ல 22-வது வாரம், வண்டி கூட பொறந்த டயரு. பட்டன் பாதிக்கு மேல இருக்கு, பக்கவாட்டுல பூரா முடி மாதிரி வெடிப்பு. நாலும் மாத்தணும்னு அண்ணாச்சி சொல்ல, வாத்தியாரு கணக்கு போட்டுப் பாத்து 3 லட்சத்து 45-க்கு எறங்குனாரு. டீயும் பஜ்ஜியும் வேற.

பேப்பர் விசயத்துல நான் கோட்ட விட்டேன். வாத்தியாரு லோன எப்பவோ கட்டி முடிச்சிட்டாரு, ஆனா ஆர்சில பேங்க் பேரு அப்படியே நிக்கி. பேங்க்ல பாக்கி இல்லன்னு என்ஓசி வாங்கி ஃபார்ம் 35 குடுத்து அத நீக்குன பொறவுதான் பேர் மாத்துற 29, 30 ஃபார்ம் நவுரும், இதுக்கே ஒரு மாசம் அலைச்சல். காசு குடுக்க முன்னாடியே அரசாங்கத்தோட பரிவாகன் சைட்டுல வண்டி நம்பர போட்டுப் பாத்துருந்தா தெரிஞ்சுருக்கும். இன்சூரன்சும் 14 நாளுக்குள்ள நம்ம பேருக்கு மாத்தணும், கிளைம் கேக்காம இருந்ததுக்கு அவருக்குக் கெடைச்ச தள்ளுபடி, நோ கிளைம் போனஸ்னு சொல்லுவாவ, அது நமக்கு வராது, அந்த வித்தியாசத்த நாமதான் கட்டணும். இன்னொண்ணு, 2010, 2011 மாடல சல்லிசா குடுப்பாவ, விழுந்துராதீய, 15 வருசம் முடிஞ்சு எஃப்சி காட்டி ஆர்சிய புதுப்பிக்க வேண்டிய வண்டி அது, அந்தத் தலவலிய நமக்குத் தள்ளிவிடத்தான் பாப்பாவ.

வாங்குன பொறவு ஆன செலவ மறைக்காம சொல்லுதேன். டயர் நாலும், பேட்டரி, கிளட்ச் பிளேட்டு, எல்லாம் சேத்து 41 ஆயிரம். ஆக மொத்தம் மூணே முக்காலுக்கும் மேல, கிட்டத்தட்ட நாலு. அப்பறம் மொத குத்தால டிரிப்புல ராத்திரி சாரல் அடிக்கும்போது பழைய குத்தாலம் பக்கத்துல வண்டிக்குள்ள படுத்துருக்கோம், எங்க அம்மா நெத்தில சொட்டு சொட்டுன்னு தண்ணி. "ஏலே, அருவிய உள்ளயும் கொண்டு வந்துட்டியா"ன்னு கேக்காவ. முன்ன எப்பவோ கேரியர் மாட்டுன ஓட்டைய பேருக்கு அடைச்சு வச்சுருந்துருக்காவ. சிலிக்கான் வச்சு அடைச்சேன், 180 ரூவா, இப்ப சொட்டு கிடையாது. வாங்கும்போதே மேல ஒரு பக்கெட் தண்ணிய ஊத்திப் பாக்கணும், இத அண்ணாச்சியும் விட்டுட்டாரு.

படுக்குறதுக்கு நான் பண்ணது, பிளைவுட் பலகை மூணு துண்டு, மடக்குற காலு, மேல கோரப்பாய், பத்தமடைப் பாயின்னு சொல்லணும்னு ஆசதான், அது கல்யாணத்துக்கு வாங்குனது, இவ தரமாட்டேன்னுட்டா. நீளவாக்குல ரெண்டு பேரு தாராளம், மத்தவிய வெளிய டென்ட்ல. பலகைய வெல்டிங் வச்சு நிரந்தரமா அடிக்கலாம்னு பட்டறைல சொன்னாவ, வேண்டாம்னுட்டேன், ஆர்சில உள்ளதுக்கு மாறா வண்டிய மாத்தி அடிக்கக்கூடாது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கிளைம் கேக்கப் போவும்போது அதத்தான் மொதல்ல காட்டுவான். கழட்டி மாட்டுற பலகை சாமான் கணக்கு.

இன்னொண்ணு கட்டாயம் சொல்லணும். ராத்திரி புழுங்குதுன்னு எஞ்சின ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கிராதீய. 2024 டிசம்பர்ல கேரளா வடகரைல ஒரு கேரவனுக்குள்ள ரெண்டு பேரு செத்துக் கெடந்தாவல்லா, ஜெனரேட்டர் புகை உள்ள வந்துதான், எஞ்சின் புகையும் அதே மாதிரிதான். கண்ணாடிய நாலு வெரல் எறக்கி கொசுவல துணிய காந்தம் வச்சு ஒட்டிருக்கேன், திருச்செந்தூர் கடக்காத்துக்கு அதுவே போதும்.

ஓட்டுறதுல? எஞ்சின் முன் சீட்டுக்கு அடில, அதனால செங்கோட்ட தாண்டி ஆரியங்காவு ஏத்தத்துல மத்தியானம் ஏறுனா சூத்தாம்பட்ட வெந்துரும், துண்டு மடிச்சுப் போட்டுக்கிடணும். பவர் ஸ்டீயரிங் கிடையாது, பார்க்கிங்ல கை வலிக்கும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காத்தாடி பக்கம் போறப்ப பக்கவாட்டுக் காத்து வண்டிய ஒரு தள்ளு தள்ளும், ஒசந்த வண்டிலா, 60-க்கு மேல அங்கன போவக்கூடாது. மைலேஜ் எனக்கு 13, 14 வருது. பின்னால பிள்ளையளுக்கு விளையாட எடம் இருக்குங்கதால "எப்பப்பா வரும்"ங்க கேள்வி பாதியா கொறஞ்சுட்டு.

புதுசு ஜெயிக்கிற எடம் ஒண்ணு இருக்கு, அத சொல்லாம விட்டா அது நியாயம் இல்ல. எங்க 2017 வண்டில ஏர்பேக்கும் இல்ல, பிரேக் அடிச்சா சக்கரம் பூட்டிக்கிடாம பாத்துக்குற ஏபிஎஸ்சும் இல்ல, புதுசுல ரெண்டும் உண்டு. மழைல நாலு வழிச்சாலைல போறப்ப எனக்கு இது உறுத்திக்கிட்டே இருக்கும், அதான் 70 தாண்டுறதில்ல. கணக்கும் இப்ப மாறிருக்கு, 2025 செப்டம்பர் 22-ல இருந்து சின்ன வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 ஆயிட்டு, நான் பாத்த வெல இப்ப கிடையாது. தெனமும் ஸ்கூலுக்கோ கடைக்கோ ஓட்டப் போறீயன்னா, இல்ல கூட வந்து பாக்க ஒரு அண்ணாச்சி இல்லன்னா, இப்ப நான் புதுசுதான் சொல்லுவேன். எங்கள மாதிரி மாசம் ஒரு தடவ எறங்குற ஆளுன்னா பழசு, அதுவும் கடல விட்டும் ஆத்த விட்டும் தள்ளி நின்ன பழசு.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுப்பேன், ஒண்ணு அந்த சீட்டு சூட்டுக்கு. தை பொறந்ததும் கூந்தங்குளம் பறவ பாக்கப் போறோம், காலைல வெள்ளன பாக்கணும்ல, அதனால மொத நா ராத்திரியே போயி கரைல படுக்கதா பிளான். அம்மா இப்பவே கேட்டாச்சு, மேல ஓட்டைய இன்னொரு தடவ பாத்தியான்னு.