நெல்லா, கரும்பா, மேட்டுப்பாத்தியா? தண்ணீர் பாதி வடியும் ஆற்றுத்தட்டு நிலத்துக்கு எது சரி

கடலூரை ஒட்டிய நெல்லிக்குப்பம், பாகூர் பக்கம் நிலம் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில்தான் வருகிறார்கள். அந்த மாதங்களில் எல்லா நிலமும் நல்ல நிலம்தான். கார்த்திகையில் வந்தால் கதை வேறு. கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் மேட்டில் மழை விட்ட கொஞ்ச நேரத்திலேயே செருப்போடு நடக்கலாம். ஆற்றை ஒட்டிய படுகை வெள்ளம் ஏறினால் மூழ்கும், இறங்கினால் மணல் கலந்த மண் என்பதால் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் மட்டமாகக் கிடக்கிறதே தட்டு நிலம், அதுதான் தகராறு பிடித்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரியும்படி நிற்காது, காயவும் காயாது. மழை விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் கால் புதையும்.

இது ஆறு பழைய காலத்தில் கொண்டுவந்து போட்ட வண்டல். பிறகு ஆறு மண்ணை அறுத்துத் தன் மட்டத்தைத் தாழ்த்திக்கொண்டதால் பழைய படுகை மேலேயே நின்றுவிட்டது. மேல்மண் உழவுக்கு இதமாக இருக்கும். காலம் காலமாக மழைநீரோடு இறங்கிய களிமண் அதற்குக் கீழே ஒரு படலமாக இறுகிக் கிடக்கும். சரிவும் கிடையாது. பெய்த மழை கீழேயும் இறங்காமல் பக்கவாட்டிலும் ஓடாமல் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. நெல் வைத்த நிலமாக இருந்தால், வருஷா வருஷம் சேறடித்ததில் உழவு ஆழத்துக்குக் கீழே இன்னொரு கெட்டித் தளமும் சேர்ந்திருக்கும்.

பங்குனியில் போய் நிற்கும்போதும் இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மூன்றடிக்கு ஒரு குழி வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்து உடைத்துப் பாருங்கள். சாம்பல் நிற மண்ணில் துரு நிறப் புள்ளிகள், பழைய வேர் போன துளையைச் சுற்றி ஆரஞ்சுக் கோடு என்றெல்லாம் தெரிந்தால், அந்த ஆழம் வரைக்கும் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். காற்று இல்லாத ஈரத்தில் மண்ணிலுள்ள இரும்பு கரைந்து நகர்ந்துவிடுகிறது, மண் வெளுத்துச் சாம்பலாகிறது. தண்ணீர் இறங்கி, வேர்த்துளை வழியாகக் காற்று வந்ததும் அதே இரும்பு அங்கே துருவாகப் படிகிறது. இந்த அடையாளம் மூன்றடிக்குக் கீழேதான் ஆரம்பிக்கிறது என்றால் கவலை இல்லை. மேற்பரப்பிலிருந்தே மண் சாம்பல் என்றால் நெல்லைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். ஒரு அடி, ஒன்றரை அடியில் ஆரம்பித்தால் அதுதான் நாம் பேசுகிற நிலம். விற்பவர் என்ன சொன்னாலும் இந்தப் புள்ளிகளை மறைக்க முடியாது.

அடுத்தது, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது. என்னைக் கேட்டால் பயிரை முடிவு செய்வதற்கு முன்னால் இதைத்தான் பார்க்க வேண்டும். இதற்கு மழைக்காலத்தில் ஒரு நாள் மெனக்கெட்டே ஆக வேண்டும். வெட்டிய குழியில், களிக்கு மேலே சுவரிலிருந்து தண்ணீர் கசிந்து இறங்கினால் அது மேலே தங்கிய மழைநீர். அடியிலிருந்து ஊறி ஏறினால் நிலத்தடி நீரே உயர்ந்து வந்திருக்கிறது. தட்டின் உள்பக்கம், அதாவது செம்மண் மேட்டின் அடிவாரம், இன்னொரு ரகம். மேட்டில் இறங்கிய மழை அங்கே ஊற்றாகக் கசியும், மழை நின்ற பிறகும் கசிந்துகொண்டிருக்கும். ஆற்றுப்பக்க விளிம்பு அப்படியல்ல. அங்கே தட்டு சட்டென்று தாழ்வதால் தண்ணீருக்குப் போக்கிடம் இருக்கிறது. ஒரே சர்வே எண்ணுக்குள்ளேயே இந்த இரண்டும் இருக்கலாம்.

சரி, பயிருக்கு வருவோம்.

சம்பா நெல்லும் பின்னால் உளுந்தும் இந்த நிலத்துக்கு அதிகம் சண்டையில்லாத ஜோடி. மற்றப் பயிருக்குக் குறையாக இருக்கும் களிப்படலம் நெல்லுக்கு லாபம். கட்டிய தண்ணீர் கீழே ஓடிவிடாது, மோட்டார் ஓடும் நேரம் குறையும். நடவு முடிந்து கொஞ்ச நாளில் பெரிய மழை பிடித்து மூழ்கடிக்கும் என்ற பயம் இருந்தால் சி.ஆர்.1009 சப் 1 என்ற நெல்லைப் பார்க்கலாம். இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் பிழைத்து எழும் ரகம். ஆனால் நீண்ட காலப் பயிர், நாற்று தாமதமானால் எல்லாம் தள்ளிப்போகும்.

இதில் பலரும் கவனிக்காதது தழைச்சத்து. நிலம் காய்ந்து நனைந்து, மறுபடி காய்ந்து நனையும்போது போட்ட யூரியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். பாதி வடியும் நிலத்தில் இது அடிக்கடி நடக்கிறது. ஒரே தவணையில் கொட்டாமல் பிரித்துப் போடுவதும், மழை வரும் என்று தெரிந்தால் இரண்டு நாள் பொறுப்பதும் காசு மிச்சம் செய்யும். நீர் நிற்கும் நிலத்தில் துத்தநாகக் குறைவும் சகஜம். நட்ட சில வாரங்களில் இலையில் பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் அதுதான். ஏக்கருக்குப் 10 கிலோ துத்தநாக சல்பேட் வழக்கமான பரிந்துரை.

உளுந்தில்தான் இந்த மண் உண்மையில் ஜெயிக்கிறது. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நெல்லுக்குள்ளேயே விதைத்துவிடுகிறார்கள். செம்மண்ணில் அந்த ஈரம் சீக்கிரம் முடிந்துவிடும். இங்கே களி பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலேயே பயிர் காய்ப்பு வரை வந்துவிடும். பூக்கும்போது ஒரு முறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளித்தால் போதும், பெரிய செலவில்லை. வில்லங்கம் இரண்டு. விதைத்த பின் தையில் திடீர் மழை வந்தால் விதை அழுகும். அறுவடை மிஷின் ஈர நிலத்தில் இறங்கினால் அதன் தடம் போன இடமெல்லாம் முளைத்த உளுந்து போச்சு. ஆள் வைத்து அறுத்த காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை.

கரும்புக்கு ஆசைப்படுவதில் தப்பில்லை. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம், நெல்லிக்குப்பத்தில் ஆலை என்று சுற்றிலும் கரும்பு வாசனைதான். சில நாள் தண்ணீர் நின்றாலும் கரும்பு சாகாது. ஆனால் சாகாமல் இருப்பதும் எடை கட்டுவதும் ஒன்றல்ல. வேர் மூச்சு முட்டினால் அடிக்கணுக்களில் வெள்ளை வேர் விடும், சர்க்கரைச் சத்து குறையும், செவ்வழுகல் நோய்க்கும் வசதியாகிவிடும். முன்பட்டத்தில், மார்கழி தையில், நட்ட கரும்பு அடுத்த ஐப்பசி கார்த்திகையில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும். ஊறிய மண்ணில் வேர்ப்பிடி தளர்ந்திருக்கும்போது காற்று அடித்தால் படுத்துவிடும். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பக்கம் என்ன செய்தது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நடவுக் கரும்பைவிட, வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் கட்டைக் கரும்பில்தான் அடி அதிகம். வெட்டிய கட்டை ஈரத்தில் அழுகினால் வரிசையில் பொக்கை விழும், இரண்டாம் வருஷக் கணக்கு முதல் வருஷ லாபத்தைத் தின்னும். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்த சமயம் நிலம் காயாமல் இருந்தால் டிராக்டர் உள்ளே இறங்காது. கரும்பைச் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவரும் கூலியைத் தனியாக எழுதிப் பாருங்கள்.

வடிகால் வெட்டினால் சரியாகாதா? ஆகும், தண்ணீர் எது என்று தெரிந்து வெட்டினால். மேலே தங்கிய மழைநீருக்கு ஆழமான வாய்க்கால் பெரிதாக உதவாது, களி வழியாகத் தண்ணீர் பக்கவாட்டில் நகர்ந்து வருவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். ஆழமில்லாத சிறு சால்களை நெருக்கமாக எடுத்து ஒரு பெரிய வடிகாலில் சேர்ப்பதுதான் அதற்கு வழி. கெட்டித் தளத்தைக் கோடையில் உளிக்கலப்பையால் உடைப்பதும் உதவும், ஈரத்தில் ஓட்டினால் பலனில்லை. அடியிலிருந்து ஏறும் நீருக்கு ஆழ வடிகால் வேண்டும். மேட்டு அடிவாரக் கசிவுக்கோ, நிலத்துக்கு மேல்பக்கத்திலேயே குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஜிப்சம் போட்டால் வடியும் என்று கடையில் சொல்வார்கள். அது சோடியம் ஏறிய களர் நிலத்துக்கான மருந்து. மண் பரிசோதனையில் சோடியம் காட்டாத நிலத்தில் ஜிப்சம் கொட்டிக் களியை இளக்க முடியாது.

மூன்றாவது, மேட்டுப்பாத்தி. நாலடி அகலம், ஒரு அடி உயரம், சொட்டுநீர் என்று போட்டுக் கத்தரி, வெண்டை, சாமந்தி. மழைக்காலத்தில் காய்கறி விலை ஏறும், அப்போது கையில் சரக்கு இருந்தால் ஏக்கருக்கு வரும் காசில் மற்ற இரண்டும் கிட்டவே நிற்காது. ஆனால் இந்த வண்டல் மழையடியில் கரைந்து பாத்தி சரியும், வெயில் வந்ததும் மேலே பொருக்கு கட்டும். ஆள் வைத்து அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மிளகாய் பக்கம் போகவே வேண்டாம், வேர் ஊறினால் வெயில் வந்த அன்றே தலை சாயும். வீட்டு ஆட்கள் நிலத்தில் இறங்குகிற குடும்பத்துக்கு அரை ஏக்கர் சரி. கூலி நம்பி இரண்டு ஏக்கர் போடுவது சூதாட்டம்.

மணிலாவை, அதாவது நிலக்கடலையை, நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அது செம்மண்ணுக்கு. இங்கே ஈரத்தில் காய் அழுகும், காய்ந்தால் பிடுங்கும்போது பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். முந்திரி, பலாவும் அப்படியே, பண்ருட்டி மேட்டோடு இருக்கட்டும்.

ஆறே ஏறி வரும் வருஷத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்து சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரை புரண்டது. அந்த வாரம் வடிகால் வெட்டியவரும் வெட்டாதவரும் ஒன்றாகத்தான் நின்றார்கள். பயிர்க் காப்பீட்டைக் கெடு முடிவதற்குள் கட்டுவது ஒன்றுதான் அதற்குச் செய்யக்கூடியது.

நானாக இருந்தால் உள்பக்கம் முழுக்க நெல், உளுந்து. ஆற்று விளிம்பில் தண்ணீருக்குப் போக்கு உள்ள துண்டில் மட்டும் கரும்பு, அதுவும் ஒரு கட்டையோடு நிறுத்திக்கொள்வேன். பாத்தி, வீட்டுக்குப் பக்கத்தில் அரை ஏக்கருக்கு மேல் இல்லை. இதில் எதைத் தேர்ந்தாலும் நிலம் எழுதுவதற்கு முன்னால் வடிகால் போய்ச் சேரும் இடத்தைப் பாருங்கள். அது பக்கத்து வரப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், அந்தக் காணிக்காரரிடம் பேசி வாய்க்கால் பாதையைப் பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.