சீருடையா, எழுதிய விதியா, ‘தகுந்தபடி உடுத்துங்கள்’ என்ற ஒற்றை வரியா?

வேலைக்கு வரும் பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்பதை நிர்வாகங்கள் பெரும்பாலும் இந்த மூன்று வழிகளில்தான் சொல்கின்றன. பார்க்க இதமாக இருப்பது கடைசி வழி. பெண்களை அதிகம் அலைக்கழிப்பதும் அதுவே.

அமெரிக்கக் கார் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸில் மனிதவளத் துறையைக் கவனித்தபோது மேரி பாரா, பத்துப் பக்க உடை விதியை இரண்டே சொற்களாக்கினார்: தகுந்தபடி உடுத்துங்கள். மேலாளர்கள் பக்குவமானவர்களாக இருந்தால் இது நன்றாகவே ஓடும். இல்லாவிட்டால், மேலாளர் மாறும்போதெல்லாம் விதியும் மாறும். ஆணுக்குச் சட்டை, பேன்ட் என்றால் பேச்சு முடிந்தது. பெண்ணுக்கோ கை நீளம், கழுத்து இறக்கம், முடி, ஒப்பனை என்று ஒவ்வொன்றும் விசாரணைக்கு வரும். பிரைஸ் வாட்டர்ஹவுஸ் என்ற கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் பங்குதாரர் பதவி கைநழுவிய ஆன் ஹாப்கின்ஸுக்குக் கிடைத்த அறிவுரை, இன்னும் பெண்மையாக நட, உடுத்து, ஒப்பனை செய்துகொள் என்பது. இப்படிப்பட்ட எதிர்பார்ப்பை வைத்துப் பதவி உயர்வை முடிவுசெய்வது பாலினப் பாகுபாடு என்று 1989-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

சீருடையில் இந்தக் குழப்பம் இல்லை. சிக்கல் தையலில் இருக்கிறது. ஆண் அளவுச் சட்டையைச் சிறிதாக்கிக் கொடுத்தால் மார்பின் நடுவே இரண்டு பொத்தான்களுக்கு இடையில் துணி வாய் பிளக்கும். மார்பு மிக அகன்ற இடத்துக்கு நேராக ஒரு பொத்தான் வரவேண்டும், அல்லது உள்ளே ஒரு பிரஸ் பட்டன் வைக்கவேண்டும். மொத்தமாகத் தைக்குமுன் நாலைந்து உடல்வாகுப் பெண்களுக்கு மாதிரியைப் போட்டு, உட்காரவும் இரு கையையும் தூக்கவும் தரைவரை குனியவும் சொல்லுங்கள். இடுப்புத் தெரிந்தாலோ அக்குள் இழுத்தாலோ அளவு தவறு. வெளிர் துணியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பை ஆழமாக இருக்கட்டும். கர்ப்பிணிகளுக்கான அளவு கேட்டபிறகு தைப்பதல்ல, முதல் ஆர்டரிலேயே இருக்கவேண்டும்.

என் தேர்வு எழுதிய விதி. ஆனால் குறுகியதாகவும் காரணத்தோடும் இருக்கவேண்டும். காரணம் இல்லாத விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு லண்டன் சாட்சி. 2015 டிசம்பரில் தற்காலிக வரவேற்பாளர் வேலைக்குப் போன நிக்கோலா தோர்ப், 2 முதல் 4 அங்குலக் குதிகால் செருப்பு போடவில்லை என்று சம்பளமில்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் தொடங்கிய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள்.

மாறாக, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் நோயாளியைத் தொடுவோர் முழங்கைக்குக் கீழே துணியோ கடிகாரமோ அணியக் கூடாது என்கிறார்கள். கையை மணிக்கட்டு வரை கழுவவேண்டும் என்பது காரணம். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விதி. சுழலும் இயந்திரத்தருகே தொங்கும் துணியும் அவிழ்ந்த முடியும் கூடாது என்பதும் இதே வகை.

ஆகவே ஒவ்வொரு விதிக்கும் எதிரே ஒரு காரணத்தை எழுதுங்கள். ‘பார்க்க நன்றாக இருக்கும்’ என்பதைத் தவிர எழுத ஒன்றும் கிடைக்காத வரியை அடித்துவிடுங்கள். பெண்கள் பட்டியல் ஆண்கள் பட்டியலைவிட நீண்டிருந்தால் திரும்ப எழுதுங்கள். குறிப்பிட்ட செருப்போ நிறமோ வேண்டுமென்றால் செலவை நிர்வாகமே ஏற்கட்டும். மீறலைச் சொல்லவேண்டி வந்தால் தனியாக அழைத்து, விதி எண்ணைக் காட்டி, துணியைப் பற்றி மட்டும் பேசுங்கள். உடலைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம்.