67, 58, 52, 49: கிராப் சென்சாருக்கு நான்கு லென்ஸ்களும் ஒரு போலரைசரும்

சித்தப்பா மகன் செகண்ட்ஹேண்டில் ஒரு கேனான் 200டி கேமரா வாங்கிவிட்டு, "அண்ணா, கூட என்னென்ன லென்ஸ் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறான். கேனான் தன் புதிய கேமராக்களில் ஆர்எஃப் என்ற வேறு லென்ஸ் மவுண்டுக்கு மாறிய பிறகு, 200டி போன்ற பழையவற்றுக்கான இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கைமாறும் விலை நன்றாக இறங்கியிருக்கிறது என்பதால், அவன் கேட்டது நல்ல நேரம்தான். சிறிய கிராப் சென்சாரில் லென்ஸின் மி.மீ. எண்ணை 1.6ஆல் பெருக்கிப் பார்க்கும் கணக்கும், லென்ஸைக் குவிக்கும் எஸ்டிஎம் மோட்டாரும் அவனுக்குத் தெரியும். ஆகவே, என் பையில் சில ஆண்டுகளாக இருக்கும் 10-18, 24, 50, 55-250 மி.மீ. லென்ஸ்கள் நான்கிலும் எனக்கு ஓயாமல் எரிச்சலூட்டுவது எதுவோ அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபில்டரைத் திருகி மாட்டும் முகப்பு மரை நான்கிலும் நான்கு அளவு. 10-18க்கு 67 மி.மீ., 55-250க்கு 58, 24க்கு 52, 50க்கு 49.

கேட்பதற்கு இது அற்பமாகத் தோன்றும். ஆனால் நான்கு மூடிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது, பக்கவெளிச்சத்தை மறைக்கும் ஹூடுகள் நான்கையும் தனித்தனியே காசு கொடுத்து வாங்க வேண்டும், பளபளப்பை அடக்கி வானத்தின் நீலத்தைக் கூட்டும் ஃபில்டரான சர்க்குலர் போலரைசரில் நல்லதாக ஒன்று வாங்க நினைத்தால் எந்த அளவில் வாங்குவது என்றே தெரியாது. ஒரு நிறுவனத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமாகாது. நிக்கான் பக்கம் போனாலும் 35க்கு 52, 10-20க்கு 72, 70-300க்கு 58 என்று அதே கதைதான். எல்லோரும் சொல்லும் வழி, இருப்பதிலேயே பெரிய அளவில் ஒரே ஃபில்டர் வாங்கி, சிறிய லென்ஸ்களில் அதைப் பொருத்த ஸ்டெப்-அப் ரிங் என்ற வளையத்தைப் போட்டுக்கொள்வது. நானும் அப்படியே 67இல் வாங்கினேன். அளவு கூடக் கூட ஃபில்டரின் விலையும் கூடும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். வானத்தில் சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் பகுதியில்தான் போலரைசரின் வேலை முழுமையாகத் தெரியும். 10 மி.மீ.யில் மூலைக்கு மூலை 107 டிகிரிக்கு மேல் காட்சி விரிவதால், ஒரே படத்தில் வானத்தின் ஒரு துண்டு கருநீலமாகவும் மற்ற பகுதி வெளிறியும் விழுகிறது. அதாவது, எந்த லென்ஸுக்காக 67க்கு விலை கொடுத்தோமோ அந்த லென்ஸில்தான் அந்த ஃபில்டர் மிகக் குறைவாகப் பயன்படுகிறது. ஏரி நீரின் பளபளப்பையும் மழைக்குப் பிந்தைய இலைகளின் மினுமினுப்பையும் அடக்க அது தேவைப்படுவது 55-250இலும் 24இலும்தான். அவை இரண்டிலும் ரிங் மாட்டியதும் அளவு பெரிதாகிவிடுவதால் ஹூடைப் போட முடியாது.

போதாக்குறைக்கு ரிங் இறுகிக்கொள்ளும். அலுமினிய ரிங்கும் அலுமினிய ஃபில்டரும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, விரல்களால் இறுக்கிப் பிடித்துத் திருகத் திருக மெல்லிய வளையம் நசுங்கி நீள்வட்டமாகி இன்னும் கெட்டியாகும். சென்ற மாதம் அப்படி ஒட்டிக்கொண்டதைக் கேமரா பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. மேசைமேல் ஒரு தட்டையான ரப்பர் விரிப்பைப் போட்டு, லென்ஸைக் கவிழ்த்து, ஃபில்டரின் விளிம்பு முழுவதும் சமமாகப் படியும்படி மெதுவாக அழுத்தி, ஒரே திருகில் கழற்றிவிட்டார். பிறகு மரையில் பென்சில் முனையை ஒரு சுற்றுத் தேய்த்து, "அடுத்த தடவை சட்டுனு வரும் சார்" என்றார். காசு வாங்கிக்கொள்ளவில்லை.

கோபத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினால், நான்கில் மிக நல்ல லென்ஸ் 10-18தான். 240 கிராம் எடைதான். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் தூண்வரிசையையும் மேலே உள்ள வளைவுகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர, கேமராவோடு வரும் 18-55ஆல் முடியாது. இதனால் முடியும், அதுவும் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் ஐஎஸ் துணையோடு கையில் பிடித்தபடியே. கேமராவைச் சற்று அண்ணாந்து பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

55-250 விலைக்கு மீறிய லென்ஸ். ஆனால் வேடந்தாங்கலில் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் இருக்கும் பறவைகளுக்கு அந்த 400 மி.மீ. கணக்கும் பற்றாது, போலரைசரையும் மாட்டினால் ஒன்றரை ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேல், வெளிச்சம் போய், காலை நேரத்தில் சென்சாரின் உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ கண்டபடி ஏறும். 50 முகப்படங்களுக்கு அருமையானது, ஆனால் கிராப் சென்சாரில் அது 80 ஆகிவிடுவதால் நம் வீட்டுக் கூடத்தில் இரண்டு பேரை எடுக்கவே முதுகு சுவரில் முட்டும்.

24ஐப் பற்றி மட்டும் என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. 22.8 மி.மீ. தடிமன், 125 கிராம் எடை; மாட்டியிருப்பதே தெரியாது. 16 செ.மீ. வரை குவியும் என்பதால், பந்தியில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் இலையில் விழும் நெய்யையும் எடுக்கலாம், நிமிர்ந்து எதிர்வரிசையில் சிரிக்கும் அத்தையையும் எடுக்கலாம். பெரிய லென்ஸைக் கண்டதும் விறைத்துக்கொள்கிறவர்கள் இதற்கு முன்னால் இயல்பாக இருக்கிறார்கள். எஃப் 2.8தானே, உள்ளே வரும் வெளிச்சம் போதாதே என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு கல்யாணத்துக்கு இதை எடுத்துப்போய்ப் பார்க்கட்டும்.

ஆகவே தம்பிக்கு என் யோசனை: 200டியோடு வந்த 18-55 இருக்கட்டும், அதுவும் 58தான், 24ஐயும் 55-250 எஸ்டிஎம்மையும் வாங்கு, 58இல் ஒரு போலரைசர், 52க்கு ஒரு ரிங், முடிந்தால் அலுமினியத்தில் அல்லாமல் பித்தளையில். 10-18 வேண்டாம். மிக நல்லது என்று மேலே புகழ்ந்த லென்ஸையே வேண்டாம் என்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரிகிறது. என்னுடையதை நான் விற்கப்போவதும் இல்லை. ஆனால் 67 என்ற எண்ணை இன்னொருவர் தலையில் கட்ட இப்போதைக்கு மனம் வரவில்லை.

55-250ஐ செகண்ட்ஹேண்டில் வாங்கும்போது எஸ்டிஎம் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள். பழைய வகையில் குவியும்போது முகப்பும் சேர்ந்து சுழலும், போலரைசர் வைத்த கோணத்தில் நிற்காது. விற்பவர் டார்ச் அடித்துக் கண்ணாடியில் பூஞ்சை இல்லை என்று காட்டுவார். முகப்பு மரையை யாரும் காட்ட மாட்டார்கள். கீழே விழுந்த லென்ஸ் முதலில் நசுங்குவது அங்கேதான். கையோடு ஒரு 58 ஃபில்டர் கொண்டுபோய், அவர் எதிரிலேயே முழுச்சுற்றும் திருகிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு.