பெர்கன் டு ஓஸ்லோ 7 மணி நேர ரயில் வீடியோ: எந்த கேமரா ஆங்கிள்ல பாக்கணும்? என் ரிவ்யூ

நார்வே அரசு டிவி என்ஆர்கே, பெர்கன் லைனுக்கு 100 வயசு ஆனதை ஒட்டி 2009 நவம்பர் 27 வெள்ளிக்கிழமை ஒரு காரியம் பண்ணாங்க, பெர்கன்ல இருந்து ஓஸ்லோ போற ரயில் கிளம்புனதுல இருந்து போய் நிக்கிற வரைக்கும் முழு பயணத்தையும் நிமிஷம் விடாம டிவில போட்டாங்க. ஏழு மணி நேரத்துக்கும் மேல. 12 லட்சம் பேருக்கு மேல அதுல கொஞ்சமாவது பாத்திருக்காங்க, அப்போ அந்த நாட்டு ஜனத்தொகையே 50 லட்சத்துக்குள்ளதான்னு வைங்க. அதுக்கப்புறம் என்ஜின் முன்னாடி வச்ச கேமரால வந்ததை மட்டும் தனியா கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல யார் வேணா டவுன்லோட் பண்ணிக்கலாம்னு இலவசமா விட்டுட்டாங்க. ஆக ஒரே பயணத்தை ரெண்டு விதமா பாக்கலாம். டிவில வந்தது பல கேமரா கலந்தது, முன்பக்கம், ஜன்னல் பக்கம், பெட்டிக்குள்ள, நடுவுல பேட்டி, பழைய படம் எல்லாம் இருக்கும். இன்னொன்னு வெறும் முன்பக்கம் மட்டும்.

நான் ரெண்டையும் பாத்திருக்கேன், பல தடவை. முன்பக்க வெர்ஷனைத்தான் பாக்க சொல்லுவேன், ஏன்னு சொல்றேன்.

முன்பக்க கேமரால ரெண்டு தண்டவாளமும் தூரத்துல ஒரு புள்ளில போய் சேருதுல்ல, கண்ணு தானா அங்க போய் உக்காந்துக்குது. மரம், கம்பம், வீடு எல்லாமே அந்த புள்ளில இருந்து கிளம்பி ரெண்டு பக்கமும் விரிஞ்சு வெளிய போயிடும், நம்ம எதையும் துரத்த வேண்டியதில்ல. ஜன்னல் பக்க கேமரா அப்படி இல்ல, ஒவ்வொரு கம்பமும் குறுக்க ஓடும், கண்ணு அது பின்னாடியே ஓடி டக்குனு திரும்பி வந்து அடுத்ததை புடிக்கும், பத்து நிமிஷம் நல்லா இருக்கும், ஒரு மணி நேரம் பாத்தா தலை வலிக்க ஆரம்பிச்சிடும். ரயில்ல நேர்ல உக்காந்து பாக்குறப்ப இது தெரியாது, ஏன்னா அப்ப தூரத்து மலைய பாக்குறதா பக்கத்து செடிய பாக்குறதான்னு நம்ம முடிவு பண்றோம், தலைய திருப்பிக்கிறோம். வீடியோல அந்த வசதி கிடையாது.

இன்னொன்னு, முன்பக்கத்துல அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரியும். ரயில் வீடியோ பாக்குறதோட சுகமே எனக்கு இதுதான். பெர்கன் லைன் பெரும்பாலும் சிங்கிள் லைன், எதிர்ல வர்ற வண்டிக்காக ஸ்டேஷன்ல கிராசிங் போடணும், தூரத்துல சிக்னல் தெரியுது, பாயிண்ட்ல தண்டவாளம் ரெண்டா பிரியுது, நம்ம வண்டி நேரா போகுமா, ஒதுங்கி நிக்கிற பக்கத்து லைனான லூப்ல திரும்புமான்னு பாத்துக்கிட்டே இருப்போம், எதிர் வண்டியோட ஹெட்லைட் வளைவுக்கு அந்தப் பக்கம் மின்னும். பக்கவாட்டு கேமரால இதே கிராசிங் எப்படி இருக்கும்? திடீர்னு ஸ்க்ரீன் பூரா ஒரு பெட்டி சுவர் ஓடும், முடிஞ்சிடும். எதுக்கு நின்னோம் எதுக்கு கிளம்புனோம்னே புரியாது.

இந்த ரூட்ல டன்னல் மட்டும் 182. பெர்கன்ல இருந்து கிளம்புன கொஞ்ச நேரத்துலயே உல்ரிகன் டன்னல், ஏழரை கிலோமீட்டருக்கு மேல. டிவி வெர்ஷன்ல டன்னல் வந்தா பழைய படம், பேட்டின்னு போட்டு நிரப்பினாங்க, டிவிக்கு அது நியாயம்தான், இருட்டையே எவ்வளவு நேரம் காட்டுறது. ஆனா எனக்கு டன்னல் டன்னலாவே வேணும். மிர்டால் தாண்டி ஹாலிங்ஸ்கைட் ஸ்டேஷன் வரும், ஸ்டேஷன் மொத்தமும் பனி மூடாம இருக்க போட்ட கூரைக்குள்ளயே இருக்கு, அதுக்கப்புறம் ஃபின்சே டன்னல் 10.3 கிலோமீட்டர், இந்த லைனோட உச்சமான 1237 மீட்டர் அந்த டன்னலுக்குள்ளதான் இருக்கு. பத்து கிலோமீட்டர் இருட்டுல போயிட்டு இருக்கோம், ஹெட்லைட் படுற அளவுக்கு தண்டவாளம் மட்டும் பளபளன்னு தெரியுது, அப்புறம் ரொம்ப தூரத்துல ஊசி காது மாதிரி ஒரு வெளிச்சம், அது ஒரே சைஸ்ல இருக்கிற மாதிரியே ரொம்ப நேரம் இருந்துட்டு கடைசில வேகமா பெருசாகி ஒரேயடியா வெள்ளை பனி மேல வெளிய வந்து விழுவோம், 1222 மீட்டர் உயரத்துல ஃபின்சே ஸ்டேஷன். அந்த இருட்டை வெட்டிட்டா இந்த வெளிச்சத்துக்கு மதிப்பே இல்ல. முன்பக்க வெர்ஷனை பாக்க சொல்றதுக்கு இந்த ஒரு இடமே போதும்னு நினைக்கிறேன்.

எடுக்கிறவங்களுக்கு இங்கதான் பெரிய சோதனை. போன்லயோ சின்ன ஆக்ஷன் கேமராலயோ ஆட்டோ எக்ஸ்போஷர் போட்டு எடுத்த வீடியோ யூடியூப்ல நிறைய கிடக்கு, டன்னலுக்குள்ள கேமரா இருட்டுக்கு பழகி வெளிச்சத்தை ஏத்தி வச்சிருக்கும், வெளிய வந்த உடனே மூணு நாலு செகண்ட் ஸ்க்ரீன் பூரா வெள்ளை, பாக்க வேண்டிய சீன் அதுலயே போயிடும். கூடவே கண்ணாடி பிரச்சனை. கேபினுக்குள்ள எரியுற மீட்டர் லைட், டிரைவரோட சட்டை எல்லாம் முன் கண்ணாடில பிரதிபலிச்சு டன்னல்ல பேய் மாதிரி மிதக்கும். லென்ஸை கண்ணாடியோட ஒட்டி வச்சு சுத்தி கருப்பு துணி போட்டா தீர்ந்துடும். மழை வந்தா ஆட்டோ ஃபோகஸ் கண்ணாடில இருக்கிற துளியை புடிச்சுக்கும், அதனால ஃபோகஸ் தூரத்துல வச்சு லாக் பண்ணிடணும். இதெல்லாம் சரியா பண்ணின சேனலை நான் பாத்த உடனே கண்டுபுடிச்சிடுவேன், அவங்க வீடியோ போட்டா நீளம் எவ்வளவுன்னு கூட பாக்காம உக்காந்துடுவேன்.

கேமரா உயரம் பத்தியும் சொல்லணும், ஏன்னா முன்பக்கம்னாலே எல்லாம் ஒன்னு இல்ல. டிரைவர் கண்ணு மட்டத்துல வச்சா லைன் எப்படி வளையுது, எங்க ஏறுது, சிக்னல் எங்க நிக்குதுன்னு எல்லாம் படிக்க முடியும். கீழ, பெட்டிய கோக்குற கப்ளிங் பக்கத்துல வச்சா ஸ்லீப்பரும் ஜல்லியும் முகத்துக்கு நேரா பாயும், 60 கிலோமீட்டர் வேகம் 120 மாதிரி தெரியும், ஷார்ட் வீடியோக்கு சூப்பர், நீளமா பாக்க முடியாது. ஜப்பான்ல ஒடாக்யூ கம்பெனியோட ரொமான்ஸ்கார் வண்டி சிலதுல இது வேற மாதிரி, டிரைவரை மேல மாடில ஏத்தி விட்டுட்டு முன்னாடி கண்ணாடி பூரா பயணிகளுக்கு குடுத்திருக்காங்க, 2018ல வந்த ஜிஎஸ்இ வண்டிலயும் அதே ஏற்பாடுதான். அங்க பயணிகள் எடுக்கிற முன்பக்க வீடியோ டிரைவர் மட்டத்தை விட கீழ இருந்து வரும், வேகமும் தெரியும், குறுக்க வைப்பரும் டேஷ்போர்டும் கிடையாது, எனக்கு ரொம்ப புடிச்ச உயரம் அது.

லென்ஸ் ரொம்ப வைடா போட்டா தண்டவாளமே வில்லு மாதிரி வளையும், ஓரத்துல கம்பமெல்லாம் சாயும், நடுவுல இருக்கிற மலை சுருங்கி போயிடும். நார்வே மாதிரி மலை ஊர்ல போய் மலைய சின்னதாக்கி காட்டுறது பாவம். ஆனா வைட் லென்ஸ் இல்லாம முடியாத இடமும் இருக்கு. சுவிட்சர்லாந்து பெர்னினா லைன்ல புரூசியோ வட்டப்பாலம் தெரியுமில்லையா, 70 மீட்டர் ஆரத்துல வண்டி ஒரு முழு சுத்து சுத்தும். கேமரா என்ஜினோட சேந்து நேரா பாத்துட்டு இருக்கும், தண்டவாளம் மட்டும் ஃப்ரேமை விட்டு பக்கவாட்டுல ஓடிப் போயிடும், நம்ம புல்வெளியையும் பக்கத்து வீட்டு சுவரையும் பாத்துக்கிட்டு இருப்போம். இந்த இடத்துல ஜன்னல் பக்க கேமராதான் ராஜா. வளைவோட உள்பக்கம் பாத்தா நம்ம வண்டியோட மத்த பெட்டியும், கீழ நம்ம நுழைஞ்சு வந்த பாலத்து ஆர்ச்சும் ஒன்னா தெரியும். பெர்னினா லைனை ஓட்டுற அதே ரேட்டியன் ரயில்வேயோட லாண்ட்வாசர் பாலமும் இப்படித்தான், 65 மீட்டர் உயரம், ஆறு ஆர்ச், பாலம் முடியுற இடத்துல நேரா பாறைக்குள்ள டன்னல். முன்பக்கத்துல அந்த டன்னல் வாய் பிரமாதமா தெரியும், பாலம் தெரியாது, பாலத்து மேல போறவங்களுக்கு பாலம் எப்படி தெரியும். அதனால முன்பக்கம் மட்டும்தான் சரின்னு அடிச்சு சொல்ல மாட்டேன், இந்த மாதிரி இடத்துக்கு மட்டும் சின்னதா ஓரத்துல பக்கவாட்டு கேமரா காட்டுனா போதும்.

பெர்கன் லைன்லயும் அப்படி ஒரு குறை உண்டு. ஃபின்சேல வலது பக்கம் ஏரி, அதுக்கு பின்னாடி ஹார்டாங்கர்யோகுலன் பனிப்பாறை, முன்பக்க கேமரா நேரா தண்டவாளத்தை பாத்துட்டு போயிடும். அங்க மட்டும் எனக்கு ஜன்னல் வேணும்னு மனசு அடிச்சுக்கும்.

எங்க வீட்ல அம்மாவுக்கு எப்பவும் ஜன்னல் பக்கம்தான் வேணும், தண்டவாளத்தை என்னடா பாக்குறது, வீடு வாசல் ஆளுங்க தெரிய வேணாமான்னு கேப்பாங்க, அவங்க பாக்குறது ஊரை, நான் பாக்குறது லைனை, ரெண்டும் வேற ஆசை. அக்கா பையனுக்கு டிரைவர் கை தெரியணும், த்ராட்டில் எப்ப இழுக்குறாரு பிரேக் எப்ப போடுறாருன்னு. ஜப்பான் வண்டில டிரைவர் சிக்னலை கை நீட்டி காட்டி வாய்விட்டு சொல்ற பழக்கம் இருக்கு, அதை காட்டுற வீடியோன்னா அவன் அசையாம பாப்பான். இதுக்கு தனியா ஒரு வீடியோ போடலாம், தப்பில்ல. ஒரே ஸ்க்ரீன்ல முன்பக்கம், கை, ஸ்பீடு, மேப், பாட்டு எல்லாத்தையும் போட்டு அடைக்கிறதுதான் எனக்கு தாங்காது. ஓரத்துல சின்னதா ஸ்டேஷன் பேரும் வேகமும் போட்டா போதும்.

ஆங்கிளை மாத்தாம இருக்கிறதோட பலன் என்னன்னு என்ஆர்கேயே 2012ல காட்டுனாங்க. டிரோண்ட்ஹைம்ல இருந்து பூடோ வரைக்கும் 729 கிலோமீட்டர் நூர்லாண்ட் லைன், அதை நாலு சீசன்லயும் எடுத்து ஜிபிஎஸ் வச்சு இடத்துக்கு இடம் பொருத்தினாங்க. வளைவு அதே வளைவு, சிக்னல் அதே சிக்னல், கோடை அப்படியே பனிகாலமா மாறும். கேமரா கொஞ்சம் தள்ளி இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

நம்மூர்ல டியூட்டில இருக்கிற லோகோ பைலட் போன் யூஸ் பண்ணக்கூடாதுன்னு ரூல், சரியான ரூல், அதனால முன்பக்க வீடியோ அபூர்வம்தான். ஆனா ஊட்டி மலை ரயில் இருக்கு. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் ஸ்டீம் என்ஜின் பின்னாடி இருந்து தள்ளிக்கிட்டு வரும், அதனால முன்னாடி பெட்டில உக்காந்தா கண்ணுக்கு முன்னாடி பாதைதான், நடுவுல பல்சக்கர தண்டவாளமும் தெரியும், 12.28க்கு 1ன்னு, அதாவது 12.28 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறுற ஏத்தம். மொத்த 46 கிலோமீட்டர்ல 208 வளைவு, 16 டன்னல். கொடியோட நிக்கிற பிரேக்ஸ்மேன் தோள் ஃப்ரேம்ல வரும், அது இருந்தா எனக்கு இன்னும் சந்தோஷம்தான். இதை ஒருத்தர் நல்ல கேமராவோட, மியூசிக் போடாம, கல்லாறுல இருந்து குன்னூர் வரை ஒரே ஓட்டமா எடுத்து போட்டா கோடி புண்ணியம்.

பெர்கன் வீடியோ பாக்க போறவங்களுக்கு: டிவில மோஷன் ஸ்மூத்திங்னு ஒரு செட்டிங் இருக்கும், ஆஃப் பண்ணிடுங்க, கம்பமெல்லாம் ஓரத்துல கரையுற மாதிரி காட்டும். சவுண்டை ம்யூட் பண்ணாதீங்க, பாயிண்ட் தாண்டுற சத்தம், டன்னலுக்குள்ள நுழையுறப்ப காத்து சத்தம் மாறுறது எல்லாம் பாதி பயணம். டைம் கம்மின்னா வோஸ் ஸ்டேஷன்ல ஆரம்பிச்சு ஃபின்சே வரைக்கும் பாருங்க, லைட்டை அணைச்சிட்டு பாருங்க, டன்னலுக்கு ஃபார்வர்ட் மட்டும் பண்ணிடாதீங்க.