மாநிலக் கிளையா, துறைப்பிரிவா? ஏ.எஃப்.எஸ்.ஸில் முதல் பொறுப்பை எங்கே எடுப்பது

1870இல் தொடங்கிய அமெரிக்க மீன்வளச் சங்கத்தை உள்ளே இருப்பவர்கள் ஏ.எஃப்.எஸ். என்றே சொல்வார்கள். அதில் பொறுப்புக்கு வர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று சாப்டர், பெரும்பாலும் ஒரு மாநில எல்லைக்குள் இயங்கும் கிளை. மற்றொன்று செக்‌ஷன், மீன் நோய், மரபியல், மீன் வளர்ப்பு, மீன்வள மேலாண்மை, கழிமுகம் என்று துறைவாரியாக நாடு முழுக்கப் பரந்த பிரிவு. இரண்டிலும் உறுப்பினராக இருக்கலாம். இரண்டிலும் ஒரே சமயத்தில் நிர்வாகியாக இருந்துகொண்டு வேலையையும் ஒழுங்காகப் பார்ப்பது முடியாத காரியம்.

மாநில அரசின் மீன்வளத் துறையில் உயிரியலாளராக நான்கைந்து ஆண்டு கழித்து, அடுத்த படியைப் பற்றி யோசிப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நான் கிளையைத் தேர்ந்தெடுத்தவன், அந்தச் சாய்வு இதில் இருக்கும்.

பொதுவானவற்றை முதலில் முடித்துவிடலாம். இரண்டுக்குமே தாய்ச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். இரண்டிலும் ஆள் அறிமுகம் கிடைக்கும், சிபாரிசுக் கடிதம் எழுத நாலு பேர் கிடைப்பார்கள். இரண்டிலும் தேர்தல் என்பது பல சமயம் பெயருக்குத்தான். வேட்பாளர் தேடும் குழு ஒருவரைக் கெஞ்சிப் பிடித்திருக்கும், வாக்குச்சீட்டில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். பெயர் பலகையை வைத்துப் பார்த்தால் பிரிவுத் தலைவர் பதவி பெரிது, நாடு தழுவியது. நிஜமான வித்தியாசம் பயண அனுமதிப் படிவத்தில் இருக்கிறது.

தலைவர் பதவி ஓராண்டு வேலை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் அது ஒரு சங்கிலி: முதலில் அடுத்த தலைவர், பிறகு தலைவர், பிறகு முன்னாள் தலைவர். பொதுவாக மூன்று ஆண்டுகள். சில பிரிவுகளில் ஒவ்வொரு படியும் இரண்டு ஆண்டு நீளும், அப்போது ஆறு. இந்த ஆண்டுகளில் எல்லாம் நீங்கள் கூட்டத்துக்குப் போக முடிய வேண்டும்.

பிரிவுகளின் பொதுக்குழு பெரும்பாலும் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில்தான் நடக்கும். அந்த மாநாடு 2021இல் பால்டிமோர், 2022இல் ஸ்போகேன், 2023இல் கிராண்ட் ராப்பிட்ஸ், 2024இல் ஹொனலூலு. 2021இல் அடுத்த தலைவரான ஒரு மாநில ஊழியர் இந்த வரிசையை நிதித்துறையிடம் கொண்டுபோய் நின்றிருந்தால் என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிமாநிலப் பயணத்துக்கு மேலாளர் கையெழுத்து போதாது. பல மாநிலங்களில் அது துறை இயக்குநர் வரை, சில இடங்களில் அதற்கும் மேலே போகும். மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். பட்ஜெட் இறுகும் ஆண்டில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். கூட்டாட்சி மானியத்தில் பயணச் செலவு போகிறது, மாநிலத்துக்குக் காசு நஷ்டமில்லை என்று வாதாடிப் பயனில்லை. தடை பயணத்தின் மேல், பணத்தின் மேல் அல்ல. ‘கட்டுரை வாசிக்கப் போகிறேன்’ என்றால் கோப்பு நகர வாய்ப்புண்டு. ‘பொதுக்குழுவை நடத்தப் போகிறேன்’ என்றால் அது மேசையிலேயே கிடக்கும். பிரிவில் பொறுப்பு எடுப்பவர் ஒவ்வொரு ஆண்டும் ஒரு கட்டுரைச் சுருக்கமும் அனுப்பியே ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

நாட்காட்டியும் பிரிவுக்குச் சாதகமாக இல்லை. ஆண்டு மாநாடு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். ஓடைகளில் மின்பிடிப்புக் கணக்கெடுப்பு (மின்சாரத்தால் மீனை மயக்கிப் பிடித்து எண்ணுவது) நடக்கும் காலம் அது. ஏரிகளில் இலையுதிர்கால வலை மாதிரிக்குத் தயாராகும் காலமும் அதுவே. கிளைக் கூட்டங்கள் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில், களவேலை ஓய்ந்திருக்கும்போது வரும். துறை வண்டியில் போய்விடலாம், அலுவலகத்தில் பாதிப் பேர் எப்படியும் வருகிறார்கள். அதே மூன்று நாள் விடுப்பு, ஆனால் யாரும் கேள்வி கேட்பதில்லை.

காணொளியில் நடத்தினால் என்ன என்று கேட்கலாம். நிர்வாகக் குழுக் கூட்டம் அப்படி நன்றாகவே நடக்கும். ஆனால் அடுத்த பொருளாளரைப் பிடிப்பதும், அமர்வுக்குப் பேச்சாளர் சேர்ப்பதும் காபி இடைவேளையில் நடக்கிற விஷயங்கள். தலைவர் இரண்டு ஆண்டு தொடர்ந்து நேரில் வராத பிரிவில் அடுத்த பட்டியலுக்கு ஆள் கிடைக்காது, முன்னாள் தலைவரே மறுபடி சுமக்க வேண்டி வரும்.

இனி கிளையில் என்ன கற்றுக்கொள்ள முடியும் என்பது. பல கிளைகளில் ஆண்டுக் கூட்டத்தை ஏற்பாடு செய்வது அடுத்த தலைவரின் வேலை, அதில் முதல் கண்டம் ஹோட்டல் ஒப்பந்தம். 60 அறை, 2 இரவு என்று பிடித்தால் 120 அறை-இரவுகள். குறைந்தது 80 விழுக்காடு நிரம்ப வேண்டும் என்று ஒப்பந்தம் சொன்னால் 96. நிரம்பியது 78 என்றால், மீதி 18க்கு ஓர் இரவுக்கு 110 டாலர் வீதம் 1,980 டாலர் கிளையின் தலையில் விழும். மாணவர் பயண உதவித்தொகை முழுக்க அதில் போய்விடலாம். அறைகள் ஏன் நிரம்பாமல் போகின்றன? பெரும்பாலும் அரசு ஊழியருக்கான பெர் டீம் தொகையைவிட, அதாவது பயணத்தில் ஒரு நாளுக்கு அரசு தரும் உச்சவரம்பைவிட, வாடகை ஐந்து டாலர் கூடியதால்தான். ஆட்கள் பக்கத்து ஹோட்டலுக்குப் போய்விடுவார்கள். கூட்டாட்சி பெர் டீம் ஒவ்வோர் அக்டோபர் 1ஆம் தேதியும் மாறும். வசந்தத்தில் கையெழுத்திட்டு அடுத்த பிப்ரவரியில் கூட்டம் வைத்தால், தொகையை எண்ணாக எழுதாமல் ‘அன்று நடப்பிலுள்ள பெர் டீம்’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். அறை எண்ணிக்கையைக் குறைத்தே பிடியுங்கள். பின்னால் கூட்டிக்கொள்வது எளிது, குறைப்பது கஷ்டம்.

அடுத்தது வரி. தனி வரி அடையாள எண் உள்ள, ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலரைத் தாண்டாத கிளை கூட்டாட்சி வரித்துறையிடம் 990-என் என்னும் எளிய ஆண்டு அறிக்கையை, மின் அஞ்சலட்டை என்பார்கள், இணையத்தில் தாக்கல் செய்தால் போதும். பத்து நிமிட வேலை. நாட்காட்டி ஆண்டைப் பின்பற்றுபவர்களுக்கு மே 15 கெடு. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்கு தானாகவே ரத்தாகிவிடும், மீட்பதற்குப் புது விண்ணப்பமும் கட்டணமும். பொருளாளர் மாறும்போதுதான் இது தவறும். கடவுச்சொல் பழையவரிடம் இருக்கும், அவர் வேறு மாநிலத்துக்கு வேலை மாறிப் போயிருப்பார். வங்கியில் கையெழுத்து அதிகாரம் மாற்றப் போனால், புதியவர் தேர்வானதைக் காட்டும் கூட்டக் குறிப்பைக் கேட்பார்கள்; செயலாளர் அதை எழுதியே இருக்க மாட்டார். உப்புச் சப்பில்லாத சமாச்சாரம்தான். ஆனால் மாவட்ட மேற்பார்வையாளர் பதவி நேர்காணலில் மீன் வளர்ச்சி விகிதத்தைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. பட்ஜெட் கையாண்டீர்களா, ஒப்பந்தம் பேசினீர்களா, உங்களுக்குக் கீழே இல்லாதவர்களிடம் எப்படி வேலை வாங்கினீர்கள் என்றே கேட்கிறார்கள். அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்களில் சிலர் உங்கள் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்களாகவும் இருக்கலாம்.

கூட்டாட்சி வேலைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தன்னார்வப் பணி அனுபவமாகக் கணக்கில் எடுக்கப்படும், ஆனால் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதியிருக்க வேண்டும். ‘கிளைத் தலைவர்’ என்று ஒரு வரி போட்டால் மதிப்பில்லை. கூட்டாட்சி வேலைப் பட்டியலில் 0482 என்ற எண் கொண்ட மீன் உயிரியலாளர் பணிக்கு நீர்வாழ் பாடங்களில் 6 செமஸ்டர் மணியும் விலங்கறிவியலில் 12 மணியும் வேண்டும் என்ற படிப்புத் தகுதியை எந்தப் பொறுப்பும் ஈடுகட்டாது.

கிளையின் பலவீனம் ஒன்றை மறைக்கக் கூடாது. ஓடைக்கரைப் பாதுகாப்பு, அணை, நீர் எடுப்பு என்று கிளைகள் தீர்மானம் போடும், கருத்துக் கடிதம் எழுதும். நிர்வாகிகள் எல்லாரும் ஒரே மாநிலத் துறை ஊழியர்களாக இருந்தால், தங்கள் இயக்குநரையே எதிர்த்துக் கையெழுத்திடும் நிலை வரும். கூட்டாட்சி ஊழியருக்குச் சிக்கல் இன்னும் நுணுக்கம்: அலுவல் முறையில் லாபநோக்கற்ற சங்க நிர்வாகியாக இருப்பதை 2013ஆம் ஆண்டு விதி எளிதாக்கியது, என்றாலும் தன் நிறுவனத்தின் நெறிமுறை அலுவலரிடம் முன்கூட்டி அனுமதி பெற வேண்டும், சங்கத்தின் சார்பில் கூட்டாட்சி அமைப்பிடம் போய் வாதாடுவதில் தடைகள் உண்டு. அத்தகைய கடிதங்களில் பல்கலைக்கழகத்திலிருந்தோ தனியார் ஆலோசனை நிறுவனத்திலிருந்தோ வந்த நிர்வாகி கையெழுத்திடும்படி குழுவை அமைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பிரிவு தெளிவாக ஜெயிக்கும் இடங்களும் இருக்கின்றன. மீன் நோய்த் துறையில் இருப்பவருக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆய்வகங்கள் பின்பற்றும் ‘புளூ புக்’ சோதனை முறைகளை வெளியிடுவதும், மீன் நல ஆய்வாளர் சான்றிதழ் கொடுப்பதும் ஃபிஷ் ஹெல்த் செக்‌ஷன்தான். அங்கே உழைப்பது நேராகத் தொழிலில் சேரும். மீன் இளங்குஞ்சு ஆய்வாளர்களின் பிரிவு தனக்கென்று தனி மாநாடே நடத்துகிறது. பல்கலைக்கழகப் பதவி தேடுபவருக்கும் பிரிவின் நாடளாவிய பெயர் கூடுதலாக உதவும் என்றே நினைக்கிறேன், அந்தப் பக்கத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. கால்-நெவா (கலிஃபோர்னியா-நெவாடா) போல இரண்டு மாநிலத்தைச் சேர்த்த கிளையில், கூட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் வரும் ஆண்டுகளில் மேலே சொன்ன பயண வாதம் பாதியாகிவிடும்.

மேலே ஏற கிளை போதாது என்ற பேச்சும் சரியில்லை. கிளைத் தலைவர் டிவிஷன் என்னும் வட்டாரச் செயற்குழுவில் இடம்பெறுவார், டிவிஷன் தலைவர் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் இடம்பெறுவார். அதற்கு மேல் இரண்டாம் துணைத்தலைவராகத் தேர்வானால் முதல் துணைத்தலைவர், அடுத்த தலைவர், தலைவர், முன்னாள் தலைவர் என்று ஐந்தாண்டுச் சங்கிலி. 1927-28இல் சங்கத்தின் முதல் பெண் தலைவராக இருந்த எம்மெலின் மூர் நியூயார்க் மாநில அரசின் ஊழியர்தான்.

ஒப்புக்கொள்ளும் முன் நான்கைக் கேட்டு வாங்குங்கள்: கடந்த இரண்டு ஆண்டின் வரவு செலவு, கையெழுத்தான ஹோட்டல் ஒப்பந்தம் ஏதும் இருக்கிறதா, கடைசி 990-என் ஒப்புகை, பதவிக்காலம் சொல்லும் துணைவிதி. நேராக அடுத்த தலைவராக நிற்பதைவிட ஓராண்டு பொருளாளராகவோ மாணவர் கட்டுரை மதிப்பீட்டுக் குழுவிலோ இருந்துவிட்டு நிற்பது நல்லது. மேலாளரிடம் வாய்மொழியாகச் சரி வாங்காதீர்கள். ஆண்டுக்கு இத்தனை நாள், மூன்று ஆண்டுக்கு என்று மின்னஞ்சலில் வாங்குங்கள், ஏனென்றால் மூன்றாம் ஆண்டில் அந்த நாற்காலியில் வேறொருவர் இருக்கலாம்.