பேச்சுக்காகப் பறவை வாங்கினால்: பட்ஜியா, காக்டெயிலா, சாம்பல் கிளியா?

பச்சைக்கிளியும் மலை மைனாவும் அருமையாகப் பேசும். ஆனால் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம். ஆகவே போட்டி மற்ற மூன்றுக்குள்தான்.

உச்சரிப்புத் தெளிவில் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை எதுவும் நெருங்காது. அம்மாவின் குரலில் கூப்பிடும், குக்கர் விசிலும் செல்போன் மணியும் அச்சு அசலாக வரும். விஞ்ஞானி ஐரீன் பெப்பர்பெர்க்கிடம் பழகி 2007-இல் இறந்த அலெக்ஸ் என்ற சாம்பல் கிளி, பொருளின் பெயர், நிறம், வடிவம் எல்லாம் கேட்டதும் சொன்னது. ஆனால் இது பேச ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். நாம் சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு, ஆத்திரத்தில் கத்தியதை முதலில் பிடித்துக்கொள்ளும். பகல் முழுக்கத் தனியே விட்டால் தன் இறகைத் தானே பிடுங்கும். சூரியகாந்தி விதையே உணவானால் சுண்ணாம்புச்சத்து குறைந்து வலிப்பு வரும். ஆயுளோ 40 ஆண்டுக்கு மேல். அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பதால், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவும் வேண்டும்.

காக்டெயில் (cockatiel) என்ற கொண்டை வைத்த சிறு கிளி விசிலுக்குக் கெட்டிக்காரப் பறவை, பேச்சில் சுமார். ஆணுக்கு நாலைந்து சொல் வந்தால் அதிகம். விசிலை முதலில் பழக்கினால் சொல்லின் பக்கமே திரும்பாது.

பேச்சு மட்டும்தான் நோக்கம் என்றால் எங்கள் தேர்வு பட்ஜிதான். கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் இதைத்தான். உண்மையான லவ் பேர்ட் பேசுவது அபூர்வம். கலிஃபோர்னியாவில் பக் என்ற பட்ஜி 1,728 சொற்களோடு கின்னஸில் இடம்பெற்றது. பட்ஜிக்கு அரசுப் பதிவும் தேவையில்லை. குரல் மட்டும் கீச்சென்று, வேகமாக ஓடும்; போனில் பதிந்து மெதுவாக ஓட்டினால் சொல் புரியும்.

ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சாக, ஒற்றை ஆணாக வாங்குங்கள். நெற்றிக் கோடுகள் அலகுவரை இறங்கியிருந்தால் இளசு. மூக்குத்துளையைச் சுற்றிய சதை ஒரே சீராக இளஞ்சிவப்பாக இருந்தால் ஆண், துளையைச் சுற்றி வெள்ளை வளையம் இருந்தால் பெண். ஜோடியாக விட்டால் தங்களுக்குள் கீச்சிட்டுக்கொள்ளும். கூண்டில் கண்ணாடி மாட்டினாலும் அதே கதைதான்: பிம்பத்தோடு சிநேகமாகி உங்களை மறந்துவிடும். ஒற்றையாக வைப்பதால் தினமும் சில மணி நேரம் நீங்கள்தான் அதற்குத் துணை. அது முடியாதவர்கள் பேச்சு ஆசையை விட்டு ஜோடியாகவே வாங்குவது நியாயம்.

காலையும் மாலையும் டிவியை அணைத்து, முகத்துக்கு நேரே பத்து நிமிடம். 'பட்டு', 'குட்டி' போல வல்லினம் அழுந்தும் சொல் ஒன்றே ஒன்று. அது வாயில் வரும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள். ரெக்கார்டிங் போட்டுவிட்டுப் போவதில் பெரிய பலன் இல்லை. ஆளைப் பார்த்துத்தான் பறவை கற்கிறது. நாக்கில் வசம்பு தடவ வேண்டாம். ஒலி பிறப்பது மூச்சுக்குழாயின் அடியில், நாக்கு அதற்கு வடிவம் தருகிறது, அவ்வளவுதான்.

எந்தப் பறவையானாலும் நான்ஸ்டிக் பாத்திரம் காய்ந்து கருகும் அடுக்களைக்கு அருகே வைக்காதீர்கள். அந்தப் புகை நிமிடங்களில் கொல்லும். வாயாடிக்கொண்டிருந்தது திடீரென அடங்கி, பகலிலும் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பறவைகள் நோயைக் கடைசிவரை மறைக்கும்.