கீழ்ப்பழனி மலைக் காபித் தோட்டக்காரர்கள் கவனத்துக்கு: சுண்ணாம்பு என்ற பெயரில் விற்பதை வாங்கும் முன்

தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் மண்ணின் அமிலத்தைச் சரிசெய்வதாகச் சொல்லி ஒரு வியாபாரி டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) மூட்டைகளையும் 5 லிட்டர் திரவக் கேன்களையும் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். நாங்களும் பக்கத்துத் தோட்டக்காரர்களும் வாங்கினோம். அடுத்த பருவத்தில் மண்ணைச் சோதித்தால் பி.எச். (அமில-கார அளவு; 7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம்) நகரவே இல்லை. சில தோட்டங்களில் மேல்மண்ணில் மட்டும் தாறுமாறாக ஏறி, காபித் துளிர் குறுகிப் பட்டை பட்டையாக வந்தது. கேட்டதற்குக் கிடைத்த பதில்: "நீங்க மண்ணைக் கிளறாம விட்டா மருந்து எப்படி சார் இறங்கும்?"

இந்தப் பதிலை நம்பி யாரும் சரிவில் மண்வெட்டி போட்டுவிட வேண்டாம். காபியும் மிளகும் நிற்கும் மலைச்சரிவைக் கிளறினால் மேல்மண் மழையோடு போய்விடும், காபியின் உண்ணும் வேர்களும் அறுபடும். உழாத மண்ணிலும் சுண்ணாம்பு வேலை செய்யும். தூள் தரமானதாக இருக்க வேண்டும், அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டிலும்தான் ஏமாற்று நடந்திருக்கிறது.

முதல் கோளாறு மண்சோதனையிலேயே. இலவசச் சோதனை என்று சொல்லி இரண்டு கம்பி உள்ள, பேட்டரி இல்லாத மீட்டரைத் தூருக்குப் பக்கத்தில் குத்தினார்கள். அது இரண்டு உலோகங்களுக்கு இடையே ஓடும் மின்சாரத்தைத்தான் அளக்கிறது. ஈரமும் உர உப்பும் மாறினால் முள்ளும் மாறும். அதோடு, உழாத தோட்டத்தில் அமிலம் மண் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் ஆண்டுதோறும் தூரைச் சுற்றி ஒரே வட்டத்தில் மேலாக விழுவதால், மேல் 5 செ.மீ. மட்டும் 4.6-க்கு இறங்கி, அதற்குக் கீழே 5.7 இருக்கலாம். உர வட்டத்தில் மேலாகச் சுரண்டிய மண்ணைக் காட்டி "உங்க மண்ணு மொத்தமும் கெட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, 15 செ.மீ. ஆழத்துக்கான அளவைத் தலையில் கட்டுவது எளிது. அவ்வளவும் மேலேயே தங்கினால் மேல்மண்ணில் துத்தநாகமும் போரானும் வேருக்குக் கிடைக்காமல் போகும். துளிர் குறுகியதற்குக் காரணம் இதுதான்.

மாதிரி எடுக்கும்போது இலைச் சருகை விலக்கிவிட்டு 0–5 செ.மீ. மண்ணைத் தனியாகவும் 5–20 செ.மீ. மண்ணைத் தனியாகவும் எடுங்கள். ஒரே சரிவு, ஒரே வயதுச் செடிகள் உள்ள பகுதியில் 15–20 இடம் போதும். இரண்டு அடுக்கையும் இரண்டு வாளியில் கலந்து, அடுக்குக்கு அரைக்கிலோ வீதம் நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். உரம் போட்ட கையோடு எடுக்காதீர்கள். தாண்டிக்குடியில் காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கே கொடுத்துச் சோதிக்கலாம் என்று அங்கே விசாரியுங்கள். பி.எச். எண் மட்டும் போதாது. பஃபர் முறையில் (மண்ணில் ஒட்டியிருக்கும் அமிலத்தையும் சேர்த்து அளக்கும் முறை) சுண்ணாம்புத் தேவையையும் கணக்கிட்டுத் தரச் சொல்லுங்கள். ஒரே பி.எச். உள்ள மணல் மண்ணுக்கும் மட்கு நிறைந்த களிமண்ணுக்கும் தேவைப்படும் சுண்ணாம்பு பல மடங்கு வேறுபடும்.

இப்போது அந்தக் கேன். விற்றவர் காட்டிய வித்தை இது: டம்ளரில் ஒரு ஸ்பூன் மண், தண்ணீர், நிறம்காட்டித் திரவம். நீர் ஆரஞ்சு நிறமாகும். கேனிலிருந்து சொட்டு சொட்டாக விடுவார், நொடியில் பச்சையாகும். "பாத்தீங்களா, ஏழு வந்துருச்சு." எந்தக் காரத் திரவமும் இதைச் செய்யும், சலவை சோடாக் கரைசல்கூடச் செய்யும். நீரில் கரைந்திருக்கும் கொஞ்சம் அமிலம்தான் அந்த நொடியில் முறிகிறது. களியிலும் மட்கிலும் ஒட்டியிருக்கும் இருப்பு அமிலம் பிறகு மெல்ல வெளியே வரும். அதே டம்ளரை மறுநாள் காலை வரை வைத்திருந்தால் பச்சை பெரும்பாலும் மங்கியிருக்கும். விற்பவர் அதுவரை இருக்க மாட்டார்.

கணக்கைப் பாருங்கள். 10 கிராம் மண்ணுக்கு 1 மில்லி விட்டார் என்றால் கிலோவுக்கு 100 மில்லி. ஒரு ஏக்கரில் மேல் 5 செ.மீ. மண் மட்டுமே சுமார் 2.4 லட்சம் கிலோ. டம்ளரில் காட்டிய விகிதம் தோட்டத்துக்கு வேண்டுமானால் 24,000 லிட்டர் ஊற்ற வேண்டும், அதாவது இரண்டு பெரிய டேங்கர் லாரி. அவர் தருவது ஏக்கருக்கு 5 லிட்டர்! திரவச் சுண்ணாம்பு என்று நேர்மையாகவே விற்றாலும், 5 லிட்டரில் மிதக்கும் சுண்ணாம்பு அதிகம் போனால் 5 கிலோ. 6 அடிக்கு 6 அடி நட்ட தோட்டத்தில் ஏக்கருக்கு 1,210 செடி. செடிக்கு 4 கிராம் வரும். எவ்வளவு நைசாக அரைத்தாலும், நானோ என்று பெயர் வைத்தாலும், 5 கிலோ சுண்ணாம்பு முறிக்கும் அமிலம் 5 கிலோவுக்கு உரியதுதான்.

மூட்டை விஷயத்துக்கு வருவோம். டோலமைட் என்று அச்சிட்ட மூட்டைகள் சிலவற்றில் ஜிப்சம் கலந்திருந்தது, மற்றவற்றில் தூளைவிடக் குருணைதான் அதிகம். ஜிப்சம் நல்ல பொருள்தான். களர் நிலத்துக்கும் நிலக்கடலைக்கும் போடுகிறோம், அடிமண்ணில் அலுமினிய நஞ்சின் வேகத்தையும் குறைக்கும். ஆனால் அது பி.எச்.ஐ உயர்த்தாது. அமிலத்தை முறிப்பது கார்பனேட், ஜிப்சத்தில் இருப்பது சல்பேட்.

வாங்கும் இடத்திலேயே பிடித்துவிடலாம். ஒரு ஸ்பூன் தூளில் வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். சுண்ணாம்புக்கல் தூள் உடனே நுரைக்கும். அசல் டோலமைட் குளிர்ந்த வினிகரில் சோம்பலாகத்தான் குமிழ் விடும். அதனால் வினிகரைச் சூடாக்கி ஊற்றிச் சற்றுப் பொறுத்துப் பாருங்கள், அவசரப்பட்டுப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜிப்சம் சூட்டிலும் சும்மா கிடக்கும். சுண்ணாம்புக்கல் தூள் என்றால் இன்னும் ஒரு படி போகலாம்: 300 மில்லி வினிகரையும் 10 கிராம் தூளையும் பாத்திரங்களோடு சேர்த்துத் தராசில் எடை பாருங்கள். தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரை அடங்கும் வரை நன்றாகக் கலக்கி, மறுபடி நிறுத்துங்கள். நல்ல சரக்கு 4 கிராம் அளவுக்கு எடை இழக்கும், அது வெளியேறிய கரியமில வாயு. 2 கிராம்தான் குறைந்தது என்றால் மூட்டையில் பாதி வேறு ஏதோ.

தூளை நீரில் கலக்கிப் பி.எச். தாளை நனைத்தால் 12 காட்டுகிறதா? அது நீற்றுச் சுண்ணாம்பு, அல்லது கல்தூளில் அதைக் கலந்திருக்கிறார்கள். சுண்ணாம்புக்கல் தூள் அவ்வளவு உயரம் போகாது. நீற்றுச் சுண்ணாம்பின் வேகம் அதிகம், தூரில் குவிந்தால் மேல்வேர் வெந்துவிடும்.

அடுத்தது நைசு. உழுத நிலத்தில் தூள் மண்ணோடு கலந்துவிடும். உழாத மண்ணில் அது மேலேயே கிடந்து ஆண்டுக்கு ஓரிரு செ.மீ.தான் இறங்கும் என்பதால், நைசுதான் எல்லாம். 0.25 மி.மீ. சல்லடையில், அதாவது 60 மெஷ்ஷில், இறங்கும் தூளை முழுப் பயனாகக் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் சுமார் 2.4 மி.மீ. வரை பாதிப் பயன். அதைவிடப் பெரிய குருணைக்குப் பயன் பூஜ்யம். ஒரு மூட்டையில் 30% நைசு, 40% நடுத்தரம், 30% குருணை என்றால் நைசுக் கணக்கு 30 + 20 + 0 = 50. நடுநிலையாக்கும் திறன் (சுத்தமான சுண்ணாம்புக்கல்லோடு ஒப்பிட்டால் எவ்வளவு அமிலத்தை முறிக்கும் என்ற கணக்கு) 90% என்று பில்லில் இருந்தாலும் கைக்கு வருவது 45%தான். டன் விலை பாதியாக இருந்தால்கூட லாபமில்லை, இறக்குகூலியும் தூக்குகூலியும் இரட்டிப்பாகும். மைதா சலிக்கும் சல்லடையில் 100 கிராம் சலித்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். ஈர மூட்டையைத் திருப்பி அனுப்புங்கள், தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

போடும் அளவு: ஆய்வகம் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏக்கருக்கு 800 கிலோ என்று எழுதினால், மேலாகத் தூவும் தோட்டத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 270 கிலோ. தூளின் பயன் 90% என்றால் 300 கிலோ. செடிக்குக் கால் கிலோ. சருகை விலக்கி, தூரில் படாமல், உர வட்டம் முழுவதும் தூவிச் சருகை மீண்டும் மூடுங்கள். மண்ணில் ஈரம் இருக்க வேண்டும், ஆனால் கனமழை வரும் நாளில் போட்டால் சரிவில் ஓடிவிடும். யூரியாவுக்கும் இதற்கும் 3–4 வாரம் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். சூப்பர் பாஸ்பேட்டோடும் கலக்காதீர்கள். இரண்டு ஆண்டு கழித்து இரண்டு அடுக்கையும் மறுபடி சோதித்துவிட்டு அடுத்த தவணையை முடிவு செய்யுங்கள்.

அமிலம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். 50 கிலோ அம்மோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தை முறிக்க 55 கிலோ சுண்ணாம்பு வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சுமார் 36 கிலோ. அதே அளவு தழைச்சத்துக்குக் கணக்கிட்டால் அம்மோனியம் சல்பேட்டின் அமிலம் யூரியாவைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பில்லையும் பிரிக்காத ஒரு மூட்டையையும், அச்சு தெரியும் படங்களையும் வைத்திருங்கள். வேளாண்மைத் துறையின் உர ஆய்வாளரிடம் எழுத்தில் கொடுத்து மாதிரி எடுக்கச் சொல்லுங்கள், ரசீது வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதானால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும். பில் தராமல் விற்றிருந்தால் பணம் அனுப்பிய செல்போன் பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் உதவும், அழித்துவிடாதீர்கள்.